ரோட்டைத் திறக்காத ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்

என் மனைவி எஸ்தரின் வயிற்று வலி ஏழு மாதமாக எங்கள் சபையின் ஜெபக் குறிப்பு நோட்டில் இருந்தது. எழுதினவன் நான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உபவாச ஜெபத்தில் அதை உரக்க வாசித்தவனும் நான். அந்த ஏழு மாதத்தில் அவளை ஒரு தடவைகூட டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகாதவனும் நானேதான். வெட்கத்தோடு தொடங்குகிறேன், சகோதர சகோதரிகளே. ஆனால் இது வெட்கத்தோடு முடிகிற சாட்சி இல்லை. சொல்லச் சொல்ல எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் தேவசகாயம். ரிஷிவந்தியம் யூனியன் ஆபீசில் மேனேஜராக இருந்து எண்பத்தாறாம் வருஷம் மே மாதம் ரிட்டையர் ஆனேன். எங்கள் வீடு சின்னசேலம் ரோட்டின் மேல், கள்ளக்குறிச்சிக்கு ஆறு மைல் இந்தப் பக்கம் உள்ள ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. பிள்ளைகள் வேலையாக வெளியூரில். வீட்டில் நானும் எஸ்தரும்தான்.

ரிட்டையர் ஆன அன்று மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தேன். வந்த கையோடு முழங்கால் போட்டேன். முப்பத்தைந்து வருஷம் சர்க்காருக்கு உழைத்தாயிற்று, இனி என் நேரம் முழுக்க ஆண்டவருக்கே என்று பொருத்தனை பண்ணினேன். எஸ்தர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய நேரத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

ஆபீஸ் புத்தி எங்கே போகும்? முழுத்தாளில் கோடு போட்டு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். திங்கள், வீட்டு ஜெபக் கூட்டம். செவ்வாய், கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்காக ஜெபிக்கிற ஊழியம். புதனும் வியாழனும் கல்வராயன் மலையில் கரியாலூர் ஊழியம். வெள்ளி, உபவாச ஜெபம். சனி, பாடகர் குழுவின் பயிற்சி, அது முடிந்ததும் சபைக் கமிட்டி. ஞாயிறு, ஓய்வுநாள் பள்ளி. சபையில் எந்தப் பொறுப்புக்கு ஆள் வேண்டும் என்றாலும் என் கைதான் முதலில் உயரும். "ஐயா மாதிரி ரிட்டையர் ஆவணும்" என்று நாலு பேர் சொல்லும்போது எனக்குத் தலைகால் புரியாது. ஆபீஸில் இருந்த காலத்திலாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் இருப்பேன். ரிட்டையர் ஆனபிறகு அதுவும் போயிற்று.

இதில் எனக்கு இன்றைக்கும் நினைக்கவே கூசுகிற விஷயம் அந்தச் செவ்வாய்க்கிழமை ஊழியம். முன்பின் தெரியாதவர்களின் கட்டில் ஓரமாக நின்று, "எங்கம்மா வலிக்குது? எத்தன நாளா?" என்று உருக்கமாகக் கேட்பேன். சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். வீட்டுக்கு வந்தால் எஸ்தர் வயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் சோறு போடுவாள். நான் சாப்பிட்டு எழுந்து அடுத்த கூட்டத்துக்குக் குறிப்பு எடுக்க உட்காருவேன்.

வலி வரும், போகும். சுக்குக் கஷாயம் வைத்துக் குடிப்பாள், ஓமத் தண்ணீர் குடிப்பாள், சூடு என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் அவள் பெயரை வாசித்து, சபையே கண்ணீரோடு ஜெபித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, முக்காட்டைக்கூட எடுக்காமல் கேட்டாள்.

"ஏங்க, என் வயித்து வலி ஊருக்கே தெரியுது. எந்தப் பக்கம் வலிக்குதுன்னு நீங்க ஒரு நாளு கேட்டீங்களா?"

"அதான் ஜெபத்துல வெச்சிருக்கேன்ல?" என்றேன் நான். கோபமாக வேறு சொன்னேன்.

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தப் பதிலை வாயிலிருந்து பிடுங்கி எடுத்துவிட முடியாதா என்று பிற்பாடு எத்தனை தடவை நினைத்திருக்கிறேன்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பர் மாதம். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் தென்னாற்காடு ஜில்லா முழுக்க ரோடு மறியல். ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. அதே வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கரியாலூரில் சுவிசேஷக் கூட்டம். ஆறு மாதமாக நான் ஓடி ஓடி ஏற்பாடு செய்தது. பேசப் போகிறவனும் நான்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்ததும் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, ரோட்டைத் திறந்துவிடும். உம்முடைய ஊழியத்துக்குத்தானே போகிறேன்" என்று மன்றாடினேன். ஜெபம் என்றா சொல்வது, கிட்டத்தட்டச் சண்டை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். எஸ்தர் வாசல்வரை வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுப் போனேன்.

ஏழு மணிக்கு உட்கார்ந்தவன் பதினோரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். ஒரு சைக்கிள்கூட ஒழுங்காகப் போகவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. மறியல் செய்கிறவர்கள்மேல் ஆத்திரம், சர்க்கார்மேல் ஆத்திரம், உள்ளதைச் சொன்னால் ஆண்டவர்மேலும் ஆத்திரம். கடைசியில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முணுமுணுத்தபடியே வீடு திரும்பினேன்.

கதவு திறந்தே கிடந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே போனால் எஸ்தர் அடுப்படித் தரையில் காலை மடக்கிச் சுருண்டு கிடக்கிறாள். அடுப்பில் உலை பொங்கி வழிந்து அணைந்திருந்தது. நெற்றியைத் தொட்டேன், நெருப்பாய்ச் சுட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அங்கேயே முழங்கால் போட்டுக் கண்ணை மூடிக் கையை உயர்த்தினேன். "பரலோகப் பிதாவே" என்று தொடங்கியும் விட்டேன். அவள் என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, ஜெபம் அப்பறமா பண்ணலாம். மொதல்ல என்னைத் தூக்குங்க."

ரிட்டையர் ஆன இந்தப் பதினாறு மாதத்தில் நான் கேட்ட பிரசங்கங்களில் அதுதான் பெரிய பிரசங்கம். தூக்கினேன். எப்போது இவ்வளவு இளைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை, இவளோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு முனுசாமி விவசாயி. மாட்டு வண்டி வைத்திருந்தார். ஓடிப்போய்ச் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வண்டியைப் பூட்டினார்.

"ரோட்ல போவ முடியாதுங்க. ஏரிக்கர மேல போயி வரப்போரமா இறங்கிக்கலாம். எம்மாந்தூரம் போவுதோ போவட்டும், நீங்க அம்மாவப் புடிச்சிக்கினு உக்காருங்க."

வண்டியில் வைக்கோலைப் பரப்பி, கயிற்றுக் கட்டிலை அதன்மேல் வைத்து, எஸ்தரைப் படுக்க வைத்தோம். ஏரிக்கரையில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். சத்தம் போடவில்லை. அவள் கத்தியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். முதல் இரண்டு மரத்தை வயல்வழியாகச் சுற்றிக் கடந்துவிட்டோம். மூன்றாவது இடத்தில் மாட்டிக்கொண்டோம். பாலத்தை அடைத்து ஒரு பெரிய புளியமரம். இரண்டு பக்கமும் வாய்க்கால் தண்ணீர் நுரைத்து ஓடுகிறது. சுற்றுவதற்கு வழியே இல்லை. மரத்தின்மேல் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

காலையில் நான் திட்டித் தீர்த்தவர்கள் இவர்கள். அதுவும் போக, நம் பக்கத்து ஊர்களில் ஆள் யாரென்று கேட்கிறதுக்கு முன்னால் எந்தத் தெரு என்று கேட்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டால் நான் என்ன சொல்வது? திருப்பி அனுப்பிவிட்டால்? அப்போதுதான் சகோதரரே, நான் வாழ்க்கையில் முதல்முறையாக மிகச் சின்ன ஜெபம் பண்ணினேன். "அப்பா, எஸ்தர்." அவ்வளவுதான்.

முண்டாசு கட்டிய ஒருவர் இறங்கி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க ஆச்சி அம்மாவுக்கு?"

"வயித்து வலி. ஜுரம் ஜாஸ்தியா இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

அவர் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை. பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, தெருவும் கேட்கவில்லை. திரும்பி நின்று ஒரு குரல் கொடுத்தார். "டேய், எறங்குங்கடா எல்லாம்! கட்டில அலுங்காம தூக்குங்க!"

அல்லேலூயா! எட்டுப் பேர் கட்டிலுக்குத் தோள் கொடுத்தார்கள். நாலு பேர் கிளையை வெட்டி வழி செய்தார்கள். இரண்டு பேர் மரத்தின்மேல் ஏறி நின்று மேலிருந்து வாங்கிக்கொண்டார்கள். என் எஸ்தர் புளியமரத்தின் மேலாக, ஆட்டமில்லாமல், அந்தப் பக்கம் போய் இறங்கினாள். நான்தான் மரத்தில் ஏறி வழுக்கி விழுந்தேன். என்னையும் ஒருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

முனுசாமியின் வண்டி மரத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கமே நின்றுவிட்டது. இனி எப்படிப் போவது என்று நான் முழிக்கும்போது ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது. நம்பமாட்டீர்கள்! மறியல் ஆரம்பித்தபோது முன்னாலும் மரம் பின்னாலும் மரம் விழுந்து, அந்த இரண்டு மைல் ரோட்டில் ஒரு கரும்பு டிராக்டர் மாட்டிக்கொண்டிருந்தது. அங்கேயும் போக முடியாது, இங்கேயும் வர முடியாது. டிரைவர் டிரெய்லரிலேயே சமைத்துத் தின்றுகொண்டு கிடந்திருக்கிறார்.

"நேத்துலருந்து இங்கயே குந்திக்கினு கெடக்கறேன், எதுக்குடா மாட்டிக்கினோம்னு நொந்துக்கினு இருந்தேன்" என்றார் அவர். "ஏத்துங்க, ஏத்துங்க. அந்த மரம் வரைக்கும் நம்ம ராஜ்யந்தான்."

அந்த ரோட்டில் வேறு வண்டியே இல்லாததால் பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, இந்த ஓரமும் அந்த ஓரமுமாக ஒடித்து ஒடித்து, கட்டில் குலுங்காமல் ஓட்டினார். கடைசி மரத்தில் இன்னொரு கூட்டம். எங்கள் டிராக்டரைப் பார்த்ததுமே அவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அங்கிருந்து ஊருக்குள் முக்கால் மைல். கட்டிலைத் தோளில் வாங்கி, ஆள் மாற்றி ஆள் மாற்றி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் கும்பிடுவதற்குள் திரும்பி நடந்துவிட்டார்கள். இன்றுவரை அவர்கள் யார் பெயரும் எனக்குத் தெரியாது.

அது நான் செவ்வாய்க்கிழமை தோறும் ஊழியத்துக்குப் போகிற அதே ஆஸ்பத்திரி. நர்ஸம்மா என்னைப் பார்த்ததும் சிரித்தபடி, "இன்னா ஐயா, இன்னைக்கி செவ்வாக்கெழம இல்லியே?" என்றார். கட்டிலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அடுத்த அற்புதத்தைக் கேளுங்கள். அங்கே ஆபரேஷன் செய்கிற டாக்டர் சேலத்துக்காரர். வாரத்தில் புதன்கிழமை வந்துவிட்டு வியாழன் திரும்பிவிடுவார். வெள்ளிக்கிழமை அவரை அங்கே பார்க்கவே முடியாது. அந்த வாரம் சேலத்துக்குப் போக வழியில்லாமல் அவரும் மாட்டிக்கொண்டிருந்தார்! மாடியில் ஒரு அறையில் செய்தித்தாளைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தவரை ஓடிப்போய்க் கூட்டி வந்தார்கள்.

அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "எந்தப் பக்கம் முதல்ல வலிச்சுது?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எஸ்தர்தான் முனகலாகச் சொன்னாள், "வலது பக்கம் அடியில." "எத்தனை நாளா?" என்றார். அது எனக்குத் தெரியும், நோட்டில் எழுதியிருந்தேனே. "ஏழு மாசம்" என்றேன். நர்ஸம்மா என்னைப் பற்றி ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தார் போலும், டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏழு மாசமா வாராவாரம் இங்கதானே வந்துட்டிருந்தீங்க?"

தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா! குடல்வால் வீங்கிச் சீழ் பிடித்துவிட்டது, இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் போயிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும், உடனே ஆபரேஷன் என்றார். கையெழுத்துப் போட்டேன். ஆயிரம் ஃபைலில் கையெழுத்துப் போட்ட கை, அன்று என் பெயரே கோணலாக விழுந்தது.

ஆபரேஷன் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே எத்தனையோ புருஷன்மாருக்கு நான் நீட்டி முழக்கி ஜெபித்திருக்கிறேன். அன்று எனக்கு அழுகை மட்டும்தான் வந்தது. "ஆண்டவரே, அவள் பிழைத்து வரட்டும். நான் உமக்கு இவ்வளவு செய்தேனே என்று இனி ஒரு நாளும் கணக்குக் காட்ட மாட்டேன்" என்றேன். வெயில் சாயும் நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். "பயமில்லை, பிழைச்சிட்டாங்க" என்றார். நான் அந்த வராந்தாவிலேயே குதித்தேன். ஐம்பத்தொன்பது வயசுக்காரன், யூனியன் ஆபீஸ் மேனேஜர், வேட்டி அவிழ்வது தெரியாமல் குதித்தேன்!

மறியல் முடிந்து ரோடு திறக்கிறவரை எஸ்தரோடு அந்த ஆஸ்பத்திரியில் இருந்தேன். எங்கேயும் போக வழியில்லை, போக எனக்கு ஆசையும் இல்லை. கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். கோணல் வகிடு எடுத்துவிட்டேன் என்று திட்டு வாங்கினேன். கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷத்தில் அத்தனை நாள் சேர்ந்தாற்போல் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவளுக்கு இவ்வளவு வேடிக்கையாகப் பேச வரும் என்பதே எனக்குத் தெரியாது.

பஸ் ஓட ஆரம்பித்ததும் கரியாலூரிலிருந்து சின்னையன் வந்தார். மலைச் சபையின் மூப்பர். ஒரு மூட்டை சாமை அரிசியும் கொண்டுவந்திருந்தார். கூட்டம் நின்றுபோயிற்றே என்று நான் வருத்தப்பட்டேன்.

"எங்கங்க நின்னுச்சி?" என்றார் அவர். "நீங்க வரலன்னதும் நாங்களே நடத்திக்கினோம். ஆளுக்கு ஒரு சாட்சி சொன்னோம். ஜனம் நெறைய வந்துச்சிங்க. நல்லாவே இருந்துச்சி."

எஸ்தர் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வெக்காதீங்க சின்னையா, வலிக்குது" என்றாள். எனக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். நான் இல்லாவிட்டால் ஆண்டவருடைய வேலை ஓடாது என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேனே, என்ன திமிர்!

வீட்டுக்கு வந்ததும் அட்டவணையைக் கிழித்தேன். புதிது எழுத எஸ்தரிடம் பேனாவைக் கொடுத்தேன். அவள் எல்லாவற்றையும் அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். இல்லை. செவ்வாய்க்கிழமை ஊழியத்தை அவளே எழுதி, பக்கத்தில் "நானும்" என்று சேர்த்தாள். கரியாலூரை மாதம் ஒரு தடவை ஆக்கினாள். மற்றதையெல்லாம் சபையில் ஒப்படைத்தேன். நம் போதகர், "ஐயா, பாட்டுக் குழுவ நடத்த நாலு பேரு ஆசையா இருந்தாங்க, உங்ககிட்ட கேக்கத்தான் பயந்துக்கினு இருந்தோம்" என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன். தேவசகாயம் விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டார் என்று சிலர் பேசினார்கள். பேசட்டும். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் வார்டில் எஸ்தர் உட்கார்ந்தால் போதும், அரை மணி நேரத்தில் அவர்கள் சொல்கிறதை நான் ஒன்றரை வருஷத்தில் கேட்டதில்லை.

மறியல் செய்தவர்களை ஆண்டவர்தான் மரம் வெட்டச் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அது அவர்கள் கேட்ட நியாயம், அவர்கள் பட்ட பாடு. அந்த வாரத்தில் கஷ்டப்பட்டவர்கள் எத்தனையோ பேர், அதையும் மறக்கவில்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

அந்த வருஷம் நவம்பரில் சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம். சாட்சி சொல்ல நான் எழுந்தேன். தொண்டையைக் கனைக்கிறதுக்குள் பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தர் எழுந்து நின்றாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் சபையில் வாய் திறந்து பேசினதே இல்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

"அன்னைக்கி காலைல இவரு உள்ள முட்டி போட்டுக்கினு, ரோட்ட தொறங்க ஆண்டவரேன்னு கத்திக்கினு இருந்தாரு. நான் அடுப்படில நின்னுக்கினு, ஆண்டவரே, இன்னைக்கி ஒரு நாளு இந்த மனுஷன் வூட்ல இருக்கட்டும்னு கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கலீங்க. எனக்கு தனியா சாவ பயமா இருந்துச்சி."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அதுவரை தெரியாது. நான் சாட்சி சொல்லாமலே ஆண்கள் பக்கத்தைத் தாண்டிப் போய், சபை பார்க்க, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

ரிட்டையர் ஆன, ஆகப்போகிற என் அன்புச் சகோதரர்களே! ஆண்டவரை நம்புங்கள். அவர் கேட்கிறார், சத்தியமாகக் கேட்கிறார். நான்கு மணி நேரம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, என் ஜெபம் கேட்கப்படவில்லை என்று நொந்தேன். உங்கள் ஜெபத்துக்கும் பதில் வரவில்லை என்று தோன்றினால், எழுந்து அடுப்படிக்குப் போங்கள். அங்கே இருக்கிறவள் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று விசாரியுங்கள். அவள் ஜெபத்துக்கான பதிலாக அவர் உங்களைத்தான் அனுப்பியிருப்பார்.